இருபத்து நான்கு பெட்டி, பத்துச் சுற்று

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்துவிட்டது. ஒரு மாதத்துக்குக் கல்யாணம் கிடையாது. திருச்சியில் உள்ள மண்டபமெல்லாம் பூட்டிக் கிடக்கும். அதனால்தான் எங்கள் பொம்மை ரயில் கழகம் வருடா வருடம் மார்கழியில் கண்காட்சி வைக்கிறது. இந்த முறை ஜனவரி 9, 10, 11.

‘எங்கள்’ என்று எழுதிவிட்டேன். தவறு. அவர்கள் கழகம். பதினொரு உறுப்பினர்கள். ஓய்வு பெற்ற அதிகாரிகள், ஒரு பல் டாக்டர், ஒரு ஜவுளிக்கடை முதலாளி, இப்படி. நான் அங்கே ஒயர்களுக்கு சால்டரிங் வைக்கப் போகிறவள். ரயில்வே பணிமனையில் அப்ரண்டிஸ் முடித்துவிட்டு மூன்று வருடமாக வேலைக்குக் காத்திருக்கிறேன். காத்திருக்கிற நேரத்தில் ஒரு கடையில் மிக்ஸி, கிரைண்டர் ரிப்பேர். அந்தப் பல் டாக்டர் மெர்வினின் கிளினிக்கில் இன்வெர்ட்டரைச் சரி செய்யப் போனபோது என் சால்டரிங்கைப் பார்த்துவிட்டு, “உனக்கு நல்ல கைம்மா, கழகத்துக்கு வா” என்றார். போனேன். எட்டு மாதமாகப் போகிறேன். பொம்மை ரயிலில் எனக்கு எந்த ஆர்வமும் இல்லை.

டிசம்பர் 18, வியாழன்

நினைவுக்காக எழுதி வைக்கிறேன்.

ஒவ்வோர் உறுப்பினரும் நான்கு அடிப் பலகைகள் சிலவற்றைத் தன் வீட்டில் செய்து வைத்திருப்பார். மேலே தண்டவாளம், அதைச் சுற்றி அவர் மனதில் உள்ள ஊர். கண்காட்சியன்று இருபத்தாறு பலகைகளையும் மண்டபத்தில் சேர்த்து முடுக்கினால் ஒரு பெரிய சுற்றுப் பாதை. யாரும் யாரையும் கேட்டு ஊரைச் செய்வதில்லை. அதனால் வண்டி ஜவுளிக்கடை நைனா பாயின் நெல் வயலில் புறப்பட்டு, டாக்டரின் தேவாலயத்தைத் தாண்டி, நேராக சுவிட்சர்லாந்துக்குள் நுழையும். சுவிட்சர்லாந்து எங்கள் தலைவர் ஞானசுந்தரம் சாருடையது. ரயில்வேயில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மூலைப் பலகையில் மூன்றடி உயரத்துக்கு வெள்ளை மலை. கொள்ளிடத்துக்கு அடுத்தபடியாக ஆல்ப்ஸ்.

கழகத்தின் விதிப் புத்தகத்தை எழுதியதும் அவர்தான். வளைவின் ஆரம் முப்பத்தாறு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. அதற்கு ஓர் அளவுத் தகடு வைத்திருக்கிறார். வருடா வருடம் அதை எடுத்துக்கொண்டு எல்லார் பலகையிலும் வைத்துப் பார்ப்பார். போன வருடம் நைனா பாயின் வளைவு கால் அங்குலம் குறைந்தது. வயலை உழுது மறுபடி போட வைத்தார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. சுவரில் ஒரு தேக்குப் பலகை மாட்டியிருக்கிறார்கள். நிஜ வண்டியைப் போல முழுசாக இருபத்து நான்கு பெட்டி கோத்து, பொதுமக்கள் முன்னால், யார் கையும் படாமல் பத்துச் சுற்று ஓட்டுகிறவரின் பெயரை அதில் எழுதுவார்கள். ஒன்பது வருடமாகப் பலகையில் தலைப்பு மட்டும் இருக்கிறது. வண்டியை ஓட்டும் கன்ட்ரோலரைப் பிடிக்க உறுப்பினராக இருக்க வேண்டும். நான் உறுப்பினர் இல்லை. அது எனக்குப் பிரச்சினையும் இல்லை.

டாக்டர் வற்புறுத்தியதால் உறுப்பினர் விண்ணப்பம் வாங்கி வந்தேன். கண்காட்சி முடிகிற அன்று ஓட்டெடுப்பு. ‘தொழில் / பதவி’ என்று ஒரு கட்டம். டாக்டர், “மின் பொறியியல்னு போட்டுக்கோ” என்றார். “மிக்ஸி ரிப்பேர்” என்று எழுதினேன். விண்ணப்பத்தை மூன்று முறை படி எடுத்தேன், கையெழுத்து சரியாக வரவில்லை என்பதற்காக மட்டும்.

டிசம்பர் 20, சனி

கழகக் கொட்டகையில் ஒத்திகை. அதற்காகப் பலகைகளையெல்லாம் இங்கே கொண்டுவந்து சேர்த்து வைத்திருக்கிறார்கள். இருபத்து நான்கு பெட்டி. எஞ்சினுக்குப் பின்னால் இரண்டு ஜெனரல், பிறகு ஸ்லீப்பர், ஏசி, கடைசியில் மறுபடி இரண்டு ஜெனரல். ஏசி பெட்டிகள் உறுப்பினர்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பித்தளை. ஜெனரல் நான்கும் டாக்டரும் நானும் பிவிசி அட்டையில் வெட்டி ஒட்டியவை. ஜெனரல் பெட்டி வரவழைக்க யாருக்கும் தோன்றவில்லை.

வண்டி சுவிட்சர்லாந்து வளைவில் திரும்பியது. எஞ்சின் போனது. முன்னால் இருந்த இரண்டு ஜெனரலும் உள்பக்கமாகச் சாய்ந்து, மலையடிவாரத்தில் விழுந்தன. மறுபடி வைத்தோம். மறுபடி விழுந்தன. ஏழு முறை.

“எப்பப் பாத்தாலும் இந்த ஜெனரல்தான்,” என்றார் ஞானசுந்தரம் சார். “ரயில்வேல இருந்த காலத்துலயும் இதே தலைவலிதான்.”

“அட்டைப் பெட்டி சார். எடையில்ல,” என்றார் டாக்டர்.

“தரமில்ல டாக்டர். எடையில்ல இல்ல, தரமில்ல.”

அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

டிசம்பர் 21, ஞாயிறு

சும்மா அந்தப் பக்கம் போனேன். கொட்டகைச் சாவி என்னிடம்தான் இருக்கிறது.

நிஜத் தண்டவாளத்தில் வளைவை அளக்க கேங்மேன்கள் ஒரு கயிற்றை வெளித் தண்டவாளத்தில் இரண்டு முனையும் தொட இழுத்துப் பிடிப்பார்கள். நடுவில் கயிற்றுக்கும் தண்டவாளத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பார்கள். இடைவெளி கூடினால் வளைவு இறுக்கம். அப்ரண்டிஸில் சொல்லிக் கொடுத்தது. இரண்டடிக் கயிறு பிடித்தால், முப்பத்தாறு அங்குல ஆரத்துக்கு நடுவில் இரண்டு அங்குலம் வரும்.

நைனா பாய் வளைவு: இரண்டு. டாக்டர் வளைவு: இரண்டு. சுவிட்சர்லாந்து: இரண்டரை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆரம் முப்பது அங்குலம். மலைக்கு இடம் வேண்டும் என்று தண்டவாளத்தை உள்ளே தள்ளிப் போட்டிருக்கிறார். பின்னால் இருபத்திரண்டு பெட்டி கனமாக இழுக்க, முன்னால் எஞ்சின் இழுக்க, நடுவில் மாட்டிய லேசான பெட்டி இறுக்கமான வளைவில் உள்ளே விழாமல் வேறு என்ன செய்யும்? ஒன்பது வருடமாக எல்லார் பலகையிலும் தகடு வைத்தவர் தன் பலகையில் வைக்கவில்லை. மற்ற பத்துப் பேரும் அதைக் கேட்கவில்லை.

நாளைக்குச் சொல்லிவிடுவேன். முகத்துக்கு நேராக.

டிசம்பர் 22, திங்கள்

சொல்லவில்லை. அவர் ஊரில் இல்லை.

டிசம்பர் 24, புதன்

அவர் ஊரில்தான் இருக்கிறார். சளி பிடித்திருக்கிறது. உடம்பு முடியாதவரிடம் எப்படிச் சொல்வது? நான் முரடுதான், மனிதத் தன்மை இல்லாதவள் இல்லை.

டாக்டர் சொன்னார்: என் விண்ணப்பத்துக்கு இதுவரை ஐந்து பேர் சரி என்றிருக்கிறார்கள். ஆறு வேண்டும். “தலைவர் சரின்னுட்டா கூட நாலு பேர் தானா சரின்னுடுவாங்கம்மா.” இதற்கும் நான் சொல்லாததற்கும் தொடர்பில்லை. அவருக்கு நிஜமாகவே சளி.

டிசம்பர் 27, சனி

சளி சரியாகிவிட்டது. கூட்டம் போட்டார். முடிவு: ஜெனரல் பெட்டிகள் நான்கும் நீக்கம். அந்த இடத்தில் நான்கு ஏசி.

நான் உறுப்பினர் இல்லை, பேசக் கூடாது. பேசினேன்.

“முன்னாடி ரெண்டும்தான் சார் விழுது. பின்னாடி இருக்கிற ரெண்டும் என்ன பண்ணுச்சு?”

“பாக்க ஒரே மாதிரி இருக்கே.”

“அதுக்காக எடுத்துருவீங்களா?”

“ஏம்மா, வர்றவங்க பாக்கத்தான் கண்காட்சி. எல்லாம் ஏசியா இருந்தா லட்சணமா இருக்கும்ல?”

எனக்கு வந்த கோபத்தில் காது சூடாகிவிட்டது. என் அம்மா தினமும் காலையில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குத் துப்புரவு வேலைக்குப் போகிறாள். ஜெனரலில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு போகிறாள். நிஜத்தில்தான் உட்கார இடமில்லை. பொம்மையில் பெட்டியே இல்லை என்கிறார்கள். இந்த இடத்தில் வளைவைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவர் கையில் விண்ணப்பக் கட்டு இருந்தது. மேலே என்னுடையது.

“ஒரு வாரம் குடுங்க சார். விழாம பண்ணித் தர்றேன்,” என்றேன்.

“எப்படி?”

“எடையேத்தி.”

நைனா பாய் சிரித்தார். “அவ்ளோதானா? ஒரு பிரியாணி வாங்கிக் குடுத்துடு.”

டிசம்பர் 30, செவ்வாய்

டாக்டர் கிளினிக் தராசில் நிறுத்தேன். ஜெனரல் பெட்டி எண்பது கிராம். ஏசி பெட்டி இருநூற்று அறுபது. இரும்புத் துண்டை உள்ளே ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பெட்டிக்குள் ஒரு இரும்புத் துண்டு பயணம் போகும். இவர்களுடைய ஏசியில் ஆளுக்கொரு போர்வை, பெட்ஷீட் வரை இருக்கிறது.

ஆள் ஏற்றுவது என்று முடிவு செய்தேன். மீன் தூண்டிலுக்குக் கட்டும் ஈயக் குண்டு ஒன்று, மேலே பசைக் களிமண்ணில் தலை, கொஞ்சம் பெயின்ட். ஒரு ஆள் ஒரு கிராம். ஒரு பெட்டிக்கு நூற்று எழுபது பேர்.

அம்மா முதலில், “பொம்மை ரயிலுக்குப் பொம்மை ஆளு செய்யவா உன்னைய ஐடிஐ படிக்க வெச்சேன்?” என்றாள். பத்து நிமிடம் கழித்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்னடி எல்லாரும் சீட்டுல இருக்காங்க? எந்த ஊர் ரயிலு இது?”

“பின்ன?”

“மேல சாமான் வைக்கிற எடத்துல ஆறு பேர ஏத்து. கக்கூஸ் பக்கத்துல நாலு பேரு. ஒருத்தன் கதவுல தொங்கணும், அவன் சட்டைய இன்னொருத்தன் பிடிச்சிருக்கணும். நடுவுல ஒரு பொம்பள கொய்யாக்கூடையோட வரணும், எல்லாரும் அவளத் திட்டணும்.”

“திட்டுறத எப்படிம்மா செய்யிறது?”

“வாயத் தொறந்து வையி.”

பதினெட்டுப் பேருக்கு வாயைத் திறந்து வைத்தேன். கடைசியில் நீலச் சேலை கட்டி, கையில் தூக்குவாளியோடு ஒருத்தியைச் செய்து காட்டினேன். அம்மா உற்றுப் பார்த்தாள். கண்டுபிடித்துவிட்டாள்.

“எனக்கு சன்னலோரமா ஒரு சீட்டுப் போடுடி. பொம்மையிலயாவது உக்காந்துட்டுப் போறேன்.”

ஜனவரி 3, சனி

ஒத்திகை. இரண்டு பெட்டியும் வளைவில் விழவில்லை. ஒருமுறைகூட. டாக்டர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் அமைதியாகத்தான் இருந்தேன். கொட்டகைக்குப் பின்னால் போய் ஒரு சின்னக் குதி குதித்தேன், குளிருக்காக.

ஞானசுந்தரம் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் வழியாக எண்ணினார். அரை மணி நேரம் எண்ணினார்.

“நூத்தி எழுவது இருக்கே!”

“ஆமா சார்.”

“இந்தப் பெட்டியோட கொள்ளளவு தொண்ணூறு.”

“சார், நீங்க கடைசியா ஜெனரல்ல எப்ப ஏறினீங்க?”

யோசித்தார். “ஆய்வுக்குப் போயிருக்கேன்.”

“ஆய்வுக்கு நீங்க வர்றீங்கன்னா காலி பண்ணி வெச்சிருப்பாங்க சார்.”

நைனா பாய் இருமுவதுபோல் திரும்பிக்கொண்டார். சார் நீலச் சேலையைச் சுட்டி, “இவ மட்டும் ஏன் சிரிக்கிறா?” என்றார். “சீட்டு கெடச்சிருக்கு சார்” என்றேன்.

பெட்டிகள் இருக்கட்டும் என்றுவிட்டார். ஆக, வளைவைப் பற்றி இனிப் பேச வேண்டியதே இல்லை. வண்டிதான் ஓடுகிறதே.

இடமில்லாமல் முப்பத்தெட்டுப் பேர் மிச்சம். ஊறுகாய் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன்.

ஜனவரி 8, வியாழன்

மண்டபத்தில் பலகைகளைச் சேர்த்தோம். காலையிலிருந்து சால்டரிங். முதுகு போய்விட்டது. மேடையில் யாரோ ஒரு ஜோடியின் பெயர் தெர்மகோல் எழுத்தில் இன்னும் ஒட்டியிருக்கிறது. சிறப்பு விருந்தினரை மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார வைக்கப் போகிறார்களாம். எனக்கு மைக். ‘குழந்தைகள் தண்டவாளத்தைத் தொட வேண்டாம்’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். உறுப்பினர் இல்லாதவருக்கு ஏற்ற வேலை.

ஜனவரி 9, வெள்ளி

மூவாயிரம் பேர் இருப்பார்கள்.

உறுப்பினர்கள் தங்கள் பித்தளை ஏசி பெட்டிகளுக்குப் பக்கத்தில் விளக்கம் சொல்லத் தயாராக நின்றார்கள். யாரும் கேட்கவில்லை. கூட்டம் முழுக்க ஜெனரல் பெட்டியோடு சேர்ந்து நடந்தது. வண்டி எங்கே போகிறதோ அங்கே போனது.

“ஏய், அவன் தொங்குறான் பாரு! நம்ம முருகையா மாதிரியே!”

“மேல படுத்திருக்கான் பாருங்க, அவன் செங்கல்பட்டுலயே ஏறிப் படுத்திருப்பான்.”

“அந்தக் கொய்யாக்காரம்மா என் காலைத்தான் மிதிக்கும்.”

அம்மா ஷிஃப்ட் முடிந்து நேராக வந்தாள். நீலச் சேலையோடு. அவளை ஒரு பெண் பார்த்துவிட்டு, பெட்டியைப் பார்த்துவிட்டு, மறுபடி அவளைப் பார்த்தாள். பிறகு அங்கே நான்கு பேர் அம்மாவோடு செல்ஃபி எடுத்தார்கள். அம்மா ஒரு அதிகாரியைப்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

பத்துச் சுற்று யாரும் முடிக்கவில்லை. நைனா பாய் ஆறாவது சுற்றில் பெருமையில் வேகத்தைக் கூட்டிவிட்டார். ஒரு ஸ்லீப்பர் நெல் வயலில் இறங்கியது. “அறுவடைக்கு ஆள் வந்திருக்கு” என்று அவரே சொல்லிக்கொண்டார்.

நானாக இருந்தால் அந்த இடத்தில் வேகத்தைப் பாதியாக்கியிருப்பேன். சும்மா, ஒரு கருத்துக்காக எழுதுகிறேன்.

ஜனவரி 10, சனி

இன்று நடந்ததை அப்படியே எழுத வேண்டும். பிடிக்கவில்லை, எழுதுகிறேன்.

ஜெனரல் பெட்டிக்கு வந்த கூட்டத்தை ஞானசுந்தரம் சாரால் தாங்க முடியவில்லை. தன் வீட்டுக் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு சலூனைக் கொண்டுவந்தார். பெரிய அதிகாரிகள் ஆய்வுக்குப் போகிற தனிப் பெட்டி. இரண்டு வருடம் உழைத்து மெல்லிய மரத்தில் செய்திருக்கிறார். அழகு, அதை மறுக்க மாட்டேன். உள்ளே சோபா, டீப்பாய், டீப்பாய் மேல் கூஜா, ஒரே ஒரு அதிகாரி. மொத்தம் எழுபது கிராம் இருக்கும். அதை எஞ்சினுக்கு அடுத்தபடியாகக் கோத்து, சிறப்பு விருந்தினர் முன்னால் அவரே கன்ட்ரோலரைப் பிடித்தார்.

முதல் சுற்றிலேயே தன் மலையடிவாரத்தில் அந்தச் சலூன் கவிழ்ந்தது. அதிகாரி கூஜாவோடு பனியில் கிடந்தார்.

மண்டபம் சிரித்தது. சார் முகம் சிவந்துவிட்டது. மலைக்கு முந்திய பலகை டாக்டருடையது. அதைப் பிடித்துக்கொண்டார்.

“டாக்டர், உங்க ஜாயின்ட்ல மேடு இருக்கு. ஒன்பது வருஷமா பாக்குறேன், உங்க பலகையத் தாண்டினாலே வண்டி கவிழுது!”

“சார், ஜாயின்ட் சரியாத்தான்...”

“பல்லு புடுங்குற கையால தண்டவாளம் போட்டா இப்படித்தான் இருக்கும்.”

எல்லார் முன்னாலும். சிறப்பு விருந்தினர் மாப்பிள்ளை நாற்காலியில் நெளிந்தார். மெர்வின் டாக்டர் சட்டையில் குத்தியிருந்த கழக பேட்ஜைக் கழற்றித் தேவாலயத்துக்குப் பக்கத்தில் வைத்தார். வெளியே போனார்.

எனக்குக் காரணம் தெரியும். மூன்று வாரமாகத் தெரியும். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ‘குழந்தைகள் தண்டவாளத்தைத் தொட வேண்டாம்’ என்றேன். அங்கே குழந்தை யாரும் இல்லை.

ராத்திரி சாப்பாட்டில் அம்மாவிடம் சொன்னேன். அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “ஓகோ, நீயும் ஆபீசராயிட்ட” என்றாள்.

ஜனவரி 11, ஞாயிறு

டாக்டர் வந்திருந்தார். உள்ளே வரவில்லை. செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் பொதுமக்களோடு நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடம் உழைத்த பலகை உள்ளே கிடக்கிறது, மனிதர் வாசலில் நிற்கிறார்.

சாயங்காலம் ஐந்து மணி. கடைசி ஓட்டம். சார் சலூனை மறுபடி கோத்திருந்தார். விடுகிற ஆள் இல்லை. டாக்டரின் ஜாயின்ட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டு, “இப்ப ஓடும்” என்றார். ஓடவில்லை. அதே இடம். அதே அதிகாரி. அதே கூஜா.

“டாக்டர் பண்ணி வெச்ச வேலை...” என்று ஆரம்பித்தார்.

“டாக்டர் ஜாயின்ட் நல்லாருக்கு சார்,” என்றேன். “உங்க வளைவுதான் தப்பு. ஆரம் முப்பது அங்குலம். நீங்க எழுதின விதி முப்பத்தாறு. நான் டிசம்பர் இருபத்தொண்ணாம் தேதியே அளந்துட்டேன். மெம்பர் ஆகணும்னு இவ்ளோ நாள் வாய மூடிட்டு இருந்தேன்.”

மண்டபத்தின் நான்கு ஒலிபெருக்கியிலும் இது கேட்டது. மைக் ஆனில் இருந்தது எனக்கு நினைவில்லை. மைக்கில் பச்சை விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது.

சமையல் கட்டில் பாத்திரம் கழுவும் சத்தம்கூட நின்றுவிட்டது. சார் என்னைப் பார்த்தார். சுவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். பிறகு தன் பையிலிருந்து ஓர் அளவுக் கயிற்றையும் ஸ்கேலையும் எடுத்தார்.

“நைனா, அந்த முனையப் பிடி.”

முழங்காலிட்டு உட்கார்ந்தார். எழுபத்தோரு வயதில், பட்டு வேட்டியோடு. கயிற்றை இழுத்துப் பிடித்து நடுவில் ஸ்கேலை வைத்தார். முந்நூறு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

“ரெண்டரைக்கு ஒரு நூல் கம்மி,” என்றார். மனதுக்குள் கணக்குப் போட்டார். என்னிடம் திரும்பினார். “முப்பதுன்னு சொன்னது தப்பு. முப்பத்தொண்ணரை.”

“சரி சார். முப்பத்தொண்ணரை.”

“அளந்தா சரியா அளக்கணும்.”

“சரி சார்.”

எழுந்திருக்க முடியவில்லை. நான் கை கொடுத்தேன். பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசல் பக்கம் பார்த்து, “டாக்டர், உள்ள வாங்க. மன்னிப்புக் கேக்கணும்னா நான் அவ்ளோ தூரம் நடக்கணும், முட்டி வலிக்குது,” என்றார். டாக்டர் வந்தார். பேட்ஜை சாரே குத்திவிட்டார். ஊசி டாக்டரின் நெஞ்சில் பட்டது. “பரவால்ல சார், எங்க தொழில்ல இது சகஜம்” என்றார் டாக்டர்.

“இப்ப சலூனக் கழட்டிரலாமா?” என்று நைனா பாய் கேட்டார்.

சாருக்கு மனமில்லை. சலூனையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பையிலிருந்து ஊறுகாய் டப்பாவை எடுத்தேன். முப்பத்தெட்டுப் பேர். அவ்வளவு போதாதுதான், ஆனால் மயிரிழையில் தப்பிக்கலாம்.

“ஏத்தவா சார்?”

சார் சலூனின் கூரையைத் தன் கையாலேயே கழற்றினார்.

“ஏத்து. நின்னுட்டு வரட்டும். சோபால வேண்டாம்.”

“எடமில்ல சார்.”

“சரி, சோபால நாலு பேர். டீப்பாய் மேல ஏறக் கூடாது.”

டீப்பாய் மேல் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். அதிகாரியின் மடியில் ஒரு கூடைக்காரி. கூட்டம் கைதட்டியது.

கன்ட்ரோலரை யார் பிடிப்பது? பத்துப் பேரும் பின்னால் நகர்ந்தார்கள். இத்தனைக்குப் பிறகு கவிழ்த்தால் கெட்ட பேர் யார் வாங்குவது? சார் கன்ட்ரோலரை என் கையில் வைத்தார்.

“மெம்பர்தான் பிடிக்கணும்னு ரூல் இருக்கு,” என்றார் ஒருவர்.

“ரூல் எனக்குத் தெரியும். நான் எழுதினது,” என்றார் சார். “அத நான் எப்படிக் காப்பாத்தினேன்னு இப்பத்தான எல்லாரும் பாத்தீங்க.”

ஓட்டினேன்.

வயல், தேவாலயம், மலை. மலைக்கு நான்கு அடி முன்னால் வேகத்தைப் பாதியாக்கினேன். எஞ்சின் திரும்பியது, சலூன் ஒரு பக்கச் சக்கரத்தைத் தூக்குவதா என்று யோசித்துவிட்டு, வைத்துக்கொண்டது. ஜெனரல் இரண்டும் அசையாமல் வந்தன. இருபத்தைந்து பெட்டி, கிட்டத்தட்ட இருபத்து மூன்று அடி நீளம், நெல் வயலில் வால் இருக்கும்போது ஆல்ப்ஸில் தலை. எட்டு மாதமாக இதைத்தான் நான் பார்க்க வந்துகொண்டிருந்தேன்.

சுற்றுகளைக் கூட்டமே எண்ணியது. நான்கு. ஐந்து. ஏழாவதில் யாரோ தும்மினார்கள், எல்லாரும் அவரைத் திட்டினார்கள். எட்டாவதில் அம்மா, “மெதுவாப் போடி, உள்ள நான் இருக்கேன்!” என்று கத்தினாள். ஒன்பதாவதில் மின்சாரம் போனது.

இருட்டு. வண்டி வளைவின் நடுவிலேயே நின்றுவிட்டது. கிளம்பும்போது ஒரு வெட்டு வெட்டினால் சலூன் போய்விடும். மண்டப மேனேஜர் ஜெனரேட்டரை முடுக்க ஓடினார். சார் என் காதருகே, “முழுசாக் கொறச்சு வை. வந்ததும் கொஞ்சம் கொஞ்சமா,” என்றார். “ஏற்கெனவே கொறச்சுட்டேன் சார்,” என்றேன்.

விளக்கு வந்தது. குமிழை ஒரு நெல்மணி அளவுக்குத் திருப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னொரு நெல்மணி. எஞ்சின் முனகியது. கொக்கிகள் ஒவ்வொன்றாக இறுகும் சத்தம் முன்னாலிருந்து பின்னால்வரை டிக் டிக் என்று ஓடியது. சலூன் நகர்ந்தது.

பத்து.

“நடுவுல கரண்ட்டு போச்சே, செல்லுமா?” என்று அதே ஆள் கேட்டார்.

“கை பட்டாத்தான் செல்லாது,” என்றார் சார். “கரண்டுக்குக் கை கிடையாது.”

அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. சார் கையை நீட்டி, “போதும்மா, குடு” என்றார். “இன்னொரு சுத்து சார்” என்றேன். பதினேழு சுற்று ஆனது. கடைசி பஸ்ஸுக்கு அம்மா இழுத்துக்கொண்டு போய்விட்டதால் ஓட்டெடுப்பில் என்ன ஆனது என்று தெரியாது. தெரிந்தாக வேண்டும் போலிருக்கிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

ஜனவரி 12, திங்கள்

வயிற்று வலி என்று கடையில் லீவு சொல்லிவிட்டு மண்டபத்துக்குப் போனேன். பலகைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ஓட்டெடுப்பு பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வேனில் தேவாலயத்தை ஏற்றப் போய்விட்டார்.

ஞானசுந்தரம் சார் சுவிட்சர்லாந்து முன்னால் ஒரு நீள ரம்பத்தோடு நின்றிருந்தார். மலையின் வயிற்றில் பென்சிலால் கோடு போட்டிருந்தார். தண்டவாளத்தை வெளியே நகர்த்த வேண்டுமானால் மலையில் பாதி போக வேண்டும்.

“என்ன நின்னு பாக்குற? அந்த முனையப் பிடி,” என்றார். “மெம்பர் ஆயிட்டா வேடிக்கை பாக்கலாம்னு எந்த ரூல்லயும் போடல.”

பிடித்தேன்.

“எத்தனை ஓட்டு சார்?”

“ஆறுக்கு அஞ்சு.”

“உங்க ஓட்டு?”

“ரகசிய வாக்கெடுப்பு.”

அறுக்க ஆரம்பித்தோம். வெள்ளைப் பிளாஸ்டர் தூளாகக் கொட்டியது. அவர் தலையில், என் தலையில், கீழே கழற்றி வைத்திருந்த நைனா பாயின் நெல் வயலில். “என் பயிரு போச்சு!” என்று பாய் எங்கிருந்தோ கத்தினார்.

ரம்பம் நடுவில் சிக்கிக்கொண்டது.

“நான் இழுக்கும்போது நீ விடணும். நீ இழுக்கும்போது நான் விடுவேன். ரெண்டு பேரும் இழுத்தா அறுக்காது. தெரியும்ல?”

“தெரியும் சார்,” என்றேன்.

எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு இரண்டு தடவை ரம்பம் வளைந்தது.